ஸ்குவாட்டில் முட்டி கால்விரலைத் தாண்டட்டும், உள்ளே சாயாமல் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் பயிற்சி பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு இளைஞர் எடை மாட்டும் இரும்புக் கம்பியை, நாங்கள் பார் என்போம், தோளில் வைத்துப் பாதி உட்கார்ந்திருக்கும் படம், பக்கவாட்டில் எடுத்தது. அவருடைய கால் கட்டைவிரல் நுனியிலிருந்து நேர்மேலே ஒரு சிவப்புப் புள்ளிக்கோடு. முட்டி இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜவ்வு தேயும், நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஸ்குவாட்டைத் தவிர்ப்பதே நல்லது என்று கீழே போட்டிருந்தீர்கள்.

அன்று சாயங்காலமே மூன்று பையன்கள் அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள். "மாஸ்டர், இத்தனை நாளா நாம செஞ்சது தப்பா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன். வயது 63. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் மாவட்ட அளவில் பளு தூக்கியிருக்கிறேன், அதற்கு மேலே போகவில்லை. இப்போது காலையிலும் மாலையிலும் ஒரு தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. எங்கள் ஊரில் இது புதிதில்லை. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் இந்த சத்துவாச்சாரிப் பிள்ளைதான். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 149, தோளில் வாங்கி நிறுத்திப் பிறகு தூக்கும் கிளீன் அண்டு ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. நான்கு வருடம் கழித்து கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். பளு தூக்குகிறவர்கள் எடையை வாங்கிக்கொண்டு அடியாழத்தில் உட்கார்ந்திருக்கும் எந்தப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். முட்டி விரல் நுனியைத் தாண்டித்தான் நிற்கும். குதிகால் தரையில் ஒட்டியிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். உங்கள் புள்ளிக்கோட்டுக்குள் முட்டியை வைத்துக்கொண்டு அந்த இடத்திலிருந்து ஒருவராலும் எழுந்திருக்க முடியாது.

அது சாம்பியன்களுக்கு, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சரி, வீட்டுக்குள்ளேயே பாருங்கள். மாடிப்படி இறங்கும்போது மேல்படியில் ஊன்றிய காலைக் கவனியுங்கள். முட்டி விரலைத் தாண்டியிருக்கும். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும்போதும் தாண்டும். குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊதிய நம் பாட்டிமாருக்கும் தாண்டியதுதான். பஸ்கி எடுக்கிறவன் குதிகாலையே தூக்கிக்கொண்டுதான் எடுக்கிறான்.

என் மகள் பிசியோதெரபி படித்தவள். அவள் வாசித்துச் சொன்ன ஆராய்ச்சி ஒன்று எனக்கு மனப்பாடம். 2003இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எடைப்பயிற்சியில் பழக்கமுள்ள 7 ஆண்களை எடையோடு ஸ்குவாட் செய்ய வைத்தார்கள். முதலில் முட்டியை அதன் போக்கில் விட்டார்கள். அப்புறம் காலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி, முட்டி விரலைத் தாண்டாதபடி தடுத்தார்கள். முட்டியை மடக்கித் திருப்பப் பார்க்கும் திருகுவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து (அந்த விசையை அளக்கும் அலகு) 117க்கு இறங்கியது. உங்கள் கட்டுரையாளர் சொல்வது இந்த அளவுக்குச் சரி. ஆனால் இடுப்பு மூட்டில் 28ஆக இருந்தது 302க்கு மேல் ஏறிவிட்டது. முட்டிக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், பாரத்தை இடுப்பிலும் கீழ்முதுகிலும் கொட்டிவிட்டோம். முட்டியைப் பின்னுக்கு இழுத்தால் உடம்பு முன்னால் கவிழும், வேறு வழியில்லை. கோடு போட்டு முட்டியைத் தடுக்கும் இடங்களில் பிள்ளைகள் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆழமாக உட்கார்ந்தால் ஜவ்வு தளரும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் அவளிடம் கேட்டேன். 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் என்பவர், முழு ஸ்குவாட் செய்கிறவர்களின் முட்டியைச் சோதித்து, எலும்புகளைப் பக்கவாட்டில் பிணைத்திருக்கும் ஜவ்வுகள் தளர்ந்திருப்பதாக எழுதினாராம். அது அமெரிக்கா முழுக்கப் பரவி, பள்ளிகளிலும் ராணுவத்திலும்கூட முழு ஸ்குவாட்டை ஓரம் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தபோது அந்தத் தளர்ச்சி அகப்படவில்லை. அறுபது வருடம் ஓடிவிட்டது, அந்தப் பயம் மட்டும் இன்னும் நம் ஊர் ஜிம் வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறது.

முட்டி கெட்டுப்போகிற வழி வேறு. அதை என் முட்டியிலேயே பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது 23 வயது. முழுசாக உட்கார்ந்து 100 கிலோ எடுத்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தவர்கள், பாதி உட்கார்ந்தால் போதும், எடையை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றார்கள். ஆசை யாரை விட்டது? இரண்டே மாதத்தில் பாரில் 150 கிலோ. பாதிவழியில் சடாரென்று பிரேக் போட்ட மாதிரி நின்று, அப்படியே துள்ளி எழுவேன். நான்காவது மாதம் முட்டிச்சில்லுக்கு அடியில் வலி பிடித்தது. கம்பம் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. ஏறும்போது பொறுத்துக்கொள்ளலாம், இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அப்போது ஒரு பெரியவர் எங்களுக்கு மாஸ்டராக இருந்தார். அவர் பாரில் மாட்டிய எடை பிளேட்டையெல்லாம் கழற்றச் சொன்னார். பாரையும் வாங்கி வைத்துவிட்டு, கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் பக்கத்தில் நிற்கவில்லை. எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் முட்டியின் உயரத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தார். பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருப்பேன். "ஏம்ப்பா, வலது முட்டி உள்ளே விழுதே, இதுவரைக்கும் யாருமே சொல்லலையா?" என்று கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் பக்கத்தில் நின்று எவ்வளவு ஆழம் போகிறேன் என்று மட்டும்தான் பார்த்தார்கள். ஆறு வாரம் வெறும் கழிதான். வலி குறையக் குறைய எடையைத் திரும்ப ஏற்றினார், ஒவ்வொரு தடவையும் இரண்டரைக் கிலோ. இந்த வயதிலும் நான் முழுசாகத்தான் உட்காருகிறேன்.

பாதி ஸ்குவாட்டில் தாங்கக்கூடியதைவிட எடை ஏறிவிடும், வினையே அதில்தான். உட்கார உட்கார முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் கூடும், தொடை தரைக்கு மட்டமாக வரும் இடத்துக்குப் பக்கத்தில் அது உச்சத்துக்கு வரும். அதற்கும் கீழே போனால் தொடையின் பின்பக்கம் கெண்டைக்காலில் அழுந்தி, சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நான் தாங்க முடியாத எடையைப் போட்டுக்கொண்டு, அழுத்தம் அதிகமாகிற இடத்தில் போய் நின்று துள்ளிக்கொண்டிருந்தேன். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முட்டி உள்ளே விழுவதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். முட்டி கதவுக் கீல் மாதிரி. மடங்கி நீள்வதுதான் அதன் முதல் வேலை. பக்கவாட்டில் அசையவும் திருகவும் அதற்கு இடம் மிகக் குறைவு. மேலே இடுப்பிலும் கீழே பாதத்திலும் நாம் செய்கிற தப்புக்கெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது அதுதான். பாதத்தின் உள்வளைவு சரிந்தால் முட்டி உள்ளே போகும். இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் பலமில்லை என்றாலும் உள்ளே போகும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான், 19 வயது, கல்லூரியில் படிக்கிறான். வேறோர் ஊரில் ஒரு ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது நாளே தோளில் பாரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் 80 கிலோ. இரண்டு முட்டியிலும் முட்டியை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு உறை, 'நீ கேப்' என்பார்களே, அதை மாட்டிக்கொண்டு வந்தான். அதைக் கழற்றச் சொல்லி, ஷூவையும் கழற்றச் சொன்னேன். ஓடுவதற்கான மெத்தை ஷூ அது. அதைப் போட்டுக்கொண்டு எடை தூக்குவது தலையணை மேல் நின்று தூக்குகிற மாதிரிதான். வெறும் காலோடு உட்காரச் சொல்லி, என் மாஸ்டர் செய்த மாதிரி நான் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். பாதி வரை நன்றாகப் போனான். அதற்கு மேல் இரண்டு குதிகாலும் அரை அங்குலம் எழும்பின, பெருவிரல் பக்கம் பாதம் சரிந்தது, இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. எழுந்திருக்கும்போது இன்னும் மோசம். அவனே குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா மாஸ்டர்?" என்றான்.

அவன் முட்டியில் பழுது ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்து, பெருவிரல் சுவரிலிருந்து ஒரு நான்கு அங்குலம் தள்ளி இருக்கும்படி ஒரு காலை வைத்து, குதிகாலை எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னேன். தொட முடியவில்லை. கணுக்கால் இறுகிக் கிடந்தது. கணுக்கால் மடங்காவிட்டால் உடம்பு வேறு எங்காவது வளைந்துகொள்ளும். ஒன்று குதிகால் எழும்பும், இல்லை முட்டி உள்ளே சாயும், இல்லை முதுகு கூனும். வெஸ்டர்ன் டாய்லெட் மட்டுமே உள்ள வீட்டில் வளர்ந்து, தரையில் உட்கார்ந்தே பழகாத பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். அது அவர்கள் குற்றமில்லை, பழக்கத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அவனுக்குக் குதிகாலுக்கு அடியில் இரண்டு சின்ன பிளேட்டை வைத்துக் கொடுத்தேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். பளு தூக்கும் ஷூவில் குதிகால் உயரமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். சுவர் பயிற்சியையும் தினம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

உட்காரும் முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பார்த்துச் சொல்ல ஒரு ஆள் மட்டும் வேண்டும். பாதத்தைத் தோளகலத்துக்கு வைத்து, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பச் சொல்வேன். எவ்வளவு என்பது அவரவர் இடுப்பு எலும்பைப் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே அளவைத் திணிக்கிறவரிடம் கற்காதீர்கள். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் ஆகிய மூன்றிலும் பாரம் முக்காலி மாதிரி ஊன்றியிருக்க வேண்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்து, வயிற்றைச் சுற்றிலும் இறுக்கிக்கொண்டு, இடுப்பையும் முட்டியையும் ஒன்றாக மடக்கி இறங்க வேண்டும். முட்டி எந்தத் திசையில் போக வேண்டும் என்றால், பாதம் பார்க்கிற திசையில். நான் பிள்ளைகளிடம் இதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எவ்வளவு முன்னால் போகிறது என்பதை அவர்கள் கால் நீளம் பார்த்துக்கொள்ளும். தொடை எலும்பு நீளமானவனுக்கு அதிகம் போகும், குட்டையானவனுக்குக் குறைவாகப் போகும். குதிகால் தரையில் இருக்கிறதா, முட்டி பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடியில் போய்த் தொப்பென்று விழக் கூடாது. விழுந்து துள்ளுகிறவனுக்கு அன்றைய எடை அதிகம் என்று அர்த்தம். பாரைப் பின்கழுத்து எலும்பின் மேல் வைத்து, வலிக்கிறது என்று துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். அதை இரண்டு அங்குலம் கீழே இறக்கித் தோள்சதை மேல் வைத்தால் துண்டே வேண்டாம்.

நாற்பதைக் கடந்தவர்கள் தவிர்க்கட்டும் என்ற வரிதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. என் மனைவிக்கு 58 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் படி இறங்க முடியாமல் போனது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், ஆரம்பநிலைத் தேய்மானம்தான், தொடைச் சதையைப் பலப்படுத்துங்கள், எடையைக் குறையுங்கள் என்றார். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும், இனி கீழே உட்காராதே, முட்டியை மடக்காதே என்றார்கள். அவளும் பயந்து மடக்குவதையே விட்டாள். ஒரே வருடத்தில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டாள். முட்டியின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அமுங்கி விடுபடும்போதுதான் மூட்டுநீரிலிருந்து அதற்குச் சத்து போகிறது. அசையாமல் வைத்துப் பாதுகாக்க முடியாத உறுப்பு அது.

பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு தலையணையை அடுக்கி, உட்கார்ந்து எழுந்திரு என்றேன். ஐந்து தடவை, அப்படி மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் முக்காலி. ஆறாவது மாதம் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்தாள். நடுவில் இரண்டு முறை வலி கூடியது, அப்போது மறுபடி ஒரு தலையணையைப் போட்டோம், நிறுத்தவில்லை. போன மார்கழியில், வழக்கமாகக் குனிந்தே கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், வாசலில் குந்தி உட்கார்ந்து புள்ளி வைத்தாள். நான் பாலை வாங்கிக்கொண்டு வந்தவன் அப்படியே தெருவில் நின்றுவிட்டேன்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் குந்தியே வேலை பார்க்கிறார்கள். வருடக்கணக்கில் மணிக்கணக்காக மடக்கியே வைத்திருப்பது முட்டிக்குக் கெடுதல்தான். அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பதினைந்து முறை உட்கார்ந்து எழுவதையும் ஒன்றாகப் பேசக் கூடாது. முட்டி வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது திடீரென்று கை விட்ட மாதிரி நழுவினாலோ ஜிம் மாஸ்டரிடம் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும். தொடைச் சதை இரண்டு நாள் வலிப்பது சகஜம். மூட்டுக்குள் வலித்து, மறுநாள் காலையிலும் அது அப்படியே இருந்தால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். வலியில்லாமல் வெறுமனே கடக் கடக் என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். நீ கேப், பட்டையெல்லாம் மாட்டி வலியை மறைத்துக்கொண்டு எடை ஏற்றுவதைத்தான் நான் அனுமதிப்பதில்லை.

ஜிம் நடத்துகிறவர்களுக்கும் உங்கள் வழியாக ஒரு வார்த்தை. புதிதாக வருகிற பிள்ளைக்கு முதல் மாதம் பாரைக் கொடுக்காதீர்கள். போட்டிக்கான ஆண்கள் பார் வெறுமனே 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. பழகாத உடம்புக்கு அதுவே எடைதான். ஒரு கழியைக் கொடுங்கள், எதிரே உட்கார்ந்து முட்டியைப் பாருங்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

உங்கள் பத்திரிகையை எங்கள் கொட்டகைக்கு வரும் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் அம்மா அப்பாவும் படிக்கிறார்கள். அதில் வந்துவிட்டால் அது அவர்களுக்கு வேதவாக்கு. அதனால் இதே பக்கத்தில் ஸ்குவாட் பற்றி இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். படமும் போடுங்கள். ஆனால் படத்தை முன்பக்கமிருந்து, தரையளவுக்கு கேமராவை இறக்கி எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தில் முட்டி உள்ளே விழுவது தெரியாது. கோடு போட்டே ஆக வேண்டும் என்றால், பாதத்தின் இரண்டாவது விரலிலிருந்து முட்டிச்சில்லின் நடு வரைக்கும் போடுங்கள். படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் நிற்பார்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் கொட்டகையைத் திறந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வு பெற்ற லைன்மேன்,
சத்துவாச்சாரி, வேலூர்.